பூவம்மாவின் இறப்புச் சான்றிதழ்

என் மாமியார் பூவம்மா செத்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பெயரைத் தூக்கி என் புருஷன் ஒரு புறாவுக்கு வைத்துவிட்டார். "அதே நடை, அதே மொறப்பு" என்று காரணம் வேறு சொன்னார். அதில் மட்டும் பொய் இல்லை. கூண்டுக்குள் நான் ஒரு பிடி கம்பு போட்டால் அந்தப் புறா தலையைச் சாய்த்துக் கம்பை ஒரு பார்வை பார்க்கும், என்னை ஒரு பார்வை பார்க்கும். என் மீன் குழம்பை என் மாமியார் பத்தொன்பது வருஷம் அப்படித்தான் பார்த்தாள்.

பூவம்மா சும்மா புறா இல்லை, ரேஸ் புறா. ஆந்திராவில் ஓங்கோலிலிருந்து பறக்கவிட்ட பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. கிளப்பில் கொடுத்த கோப்பை எங்கள் டிவி பக்கத்தில் நிற்கிறது. எங்கள் கல்யாண போட்டோ அதற்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது.

என் பெயர் கார்குழலி. திருவொற்றியூரில் ஓர் இறால் கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பது பெண்கள் இறால் உரிக்கிற இடத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்கும் மெஷின் சத்தத்துக்கும் மேலே கத்திக் கத்திப் பதினெட்டு வருஷமாக வேலை வாங்குகிறேன். அதனால் நான் நலம் விசாரித்தாலே சண்டைக்கு வருகிறேன் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். என் புருஷன் குணசேகரன் துறைமுகத்தில் கப்பலின் மேல் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை பார்க்கிறார். வாயில்லாத மனுஷன். வாய் எனக்கு, புறா அவருக்கு என்று எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டோம்.

போன வருஷம், ராயபுரத்தில் நாங்கள் இருந்த வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம், காலி பண்ணுங்கள் என்றார்கள். ஜி பிளாக், மூணாவது மாடி, நாற்பத்திரண்டு. இருபத்துமூன்று வருஷம் இருந்த இடம். எம்.கே.பி. நகரில் வாடகை வீடு பார்த்து வந்தோம். பிளாக்கில் எல்லோரும் அழுதுகொண்டே சாமான் ஏற்றினார்கள். நான் ஒரு சொட்டு அழவில்லை. புது வீட்டில் தரையெல்லாம் டைல்ஸ், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. எதற்காக அழவேண்டும்? "இனி அந்த இடிஞ்ச வூட்டுப் பக்கம் யாராச்சும் கால வெச்சீங்க, கால ஒடச்சிடுவேன்" என்று வீட்டில் சொல்லிவைத்தேன். வீட்டில் என்றால் அவர் ஒருவர்தான். மகள் கல்யாணமாகி எண்ணூரில் இருக்கிறாள்.

வரும்போது மற்ற புறாக்களை எல்லாம் கிளப் தோஸ்துகளுக்குக் கொடுத்துவிட்டார். பூவம்மாவை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. மொட்டைமாடியில் கூண்டு, கூண்டுக்குப் பகலிலும் பூட்டு. "வெளிய வுட்டா பூடும்" என்பார். எங்கே போகும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சித்திரையில் பூவம்மாவுக்கு ஒரு கண் வீங்கியது. அவருக்கு அன்றைக்குப் பார்த்து லீவு கிடைக்கவில்லை. கூண்டைப் பிடித்துக்கொண்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"நான் இட்டுகினு போறேன், நீ கெளம்பு" என்றேன்.

"பத்திரமா இட்டாந்துடுவியா குழலி?"

"பின்ன, பிரியாணி போட்டுட்டா வருவேன்?"

இந்த வாய் இருக்கிறதே, இதை என்ன செய்வது.

ஐஸ் இறால் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் ஓட்டை போட்டு, பூவம்மாவை உள்ளே வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி சாவியோ என்று ஒரு டாக்டர். ராயபுரத்துப் பையன், படித்து முடித்து வந்து கிளினிக் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாய், பூனைதான் அவனிடம் அதிகம் வரும். பெட்டியைக் கொடுத்து, "இது எங்க வூட்டுக்காரரு உசுரு. நாலு மணிக்கு ஷிப்ட் வுட்டு வருவேன். எப்புடிக் குடுத்தனோ அப்புடி வேணும்" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அவன் ஏன் எழுந்து நின்றான் என்று தெரியவில்லை.

நாலு மணிக்குப் போனால் பெட்டி காலி.

"அக்கா... அது... தவறிடுச்சுக்கா."

"கண்ணு வீங்குனதுக்கு உசுரு பூடுமா?"

"இன்பெக்‌ஷன் மூளைக்கு ஏறிடுச்சுக்கா. பொதச்சிட்டேன்."

"என் கைல காட்டாம எதுக்குய்யா பொதச்ச? சரி, எழுதிக் குடு. நான் போய் அந்த மனுஷன்கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?"

உடனே உட்கார்ந்து எழுதினான். லெட்டர் பேடில், முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு. 'பூவம்மா, பெண், வயது நான்கு, இன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு இறந்தது.' என் சொந்த மாமியார் செத்தபோது சான்றிதழுக்கு நாலு நாள் அலைந்தேன். இது நாலு நிமிஷத்தில் கைக்கு வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

அவர் அந்தக் காகிதத்தைப் படித்தார், மடித்தார், திரும்பவும் படித்தார். அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பத்து வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். "கால்ல கிளப் ரிங் கீது. அதயாச்சும் வாங்கியா" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் கிளினிக்கில் போய் நின்று ரிங்கைக் கேட்டேன். சாவியோ பின்பக்கத்து வேப்ப மரத்தடியைக் காட்டினான். அங்கே கிடந்த பூந்தொட்டிக் கரண்டியை எடுத்து நானே தோண்டினேன். ஒரு துண்டில் சுற்றி, யாரோ பிள்ளைகள் மேலே சிலுவை வரைந்து புதைத்த பச்சைக்கிளி வந்தது. "மன்னிச்சிக்கோம்மா" என்று அதனிடம் சொல்லி மூடிவிட்டு, இவனிடம் திரும்பினேன்.

"அக்கா, பறந்துடுச்சுக்கா. மருந்து போட்டுட்டு கையத் தொடைக்கிறேன், ஜன்னலு தொறந்திருந்துச்சு. உங்களப் பாத்த பயத்துல வாய்ல செத்துடுச்சுன்னு வந்துடுச்சு. நீங்க உடனே எழுதிக் குடுன்னுட்டீங்க."

நான் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? "டேய், ரேஸ் புறா பறந்தா எங்க போவும்? வூட்டுக்கு வரும். ஓங்கோல்லருந்து வந்தது, தோ கீற திருவொத்தியூர்லருந்து வராதா? மூணு நாளாச்சி, வர்ல. அப்ப இன்னா அர்த்தம்? நீ அமுக்கிட்ட!"

 என் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கால்நடை டாக்டர்கள் மேல் புகார் கொடுக்க ஒரு கவுன்சில் இருக்கிறது என்று கம்பெனி மேனேஜர் சொன்னார். மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். அங்கே அசோகன் என்று ஒரு கிளார்க், பொறுமையான மனுஷன். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார்.

"பாதிக்கப்பட்டவர் பேரும்மா?"

"பூவம்மா."

"உங்களுக்கு என்ன உறவு?"

"மாமியார் மாதிரி."

பேனாவை வைத்துவிட்டார். புறா என்று விளக்கிச் சொல்லி, சான்றிதழைக் காட்டி, கிளிக் கதையையும் சொன்னேன். "இறந்ததாகச் சான்றிதழ் கொடுத்திருக்காரு, உடல் இல்ல. இது சீரியஸ்மா. நிரூபணமானா அவர் பதிவையே நிறுத்திவைக்கலாம்" என்றார். எனக்கு அது வெல்லம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"உங்க விலாசம்?"

"ஜி பிளாக், மூணாவது மாடி, நாப்பத்திரெண்டு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆதார் அட்டையிலும் அதுதான் இருந்தது. அவரும் எழுதிக்கொண்டார். இரண்டு பேருக்குமே தப்பாகப் படவில்லை.

அதோடு விட்டேனா? எம்.கே.பி. நகரில் எங்கள் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினேன். நாற்பத்தோரு கையெழுத்து. அதில் முப்பத்தைந்து பேர் பூவம்மாவைப் பார்த்ததே இல்லை. "இன்னாக்கா, டாக்டர் உங்க மாமியாரக் கொன்னுட்டானாமே" என்று பதறிக்கொண்டு போட்டவர்களும் உண்டு. நான் திருத்தவில்லை. கையெழுத்து கையெழுத்துதான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் என் புருஷன் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வருவார், சட்டை முழுக்க வெள்ளைத் தூசியாக இருக்கும். கேட்டால் ஓவர்டைம் என்பார். கம்பு மூட்டை குறைந்துகொண்டே வந்தது. எலியோ என்று பொறி வைத்தேன். ஒரு நாள் அவரே வாயைத் திறந்தார்.

"குழலி, அந்தக் கம்ப்ளெய்ன்ட்ட வுட்டுடேன். சின்னப் பையன், பாவம்."

"டாக்டர் உனுக்கு இன்னா வாங்கிக் குடுத்தான்?"

உடனே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். சந்தேகமே இல்லை, வாங்கித்தான் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவியோவே வீடு தேடி வந்தான், கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு. உள்ளே பால் மாதிரி ஒரு வெள்ளைப் புறா.

"அக்கா, இத வெச்சிக்குங்கக்கா."

"மாமியாரத் தொலச்சிட்டு வேற மாமியார் குடுக்கிறியா? இது கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்ள தல மேல பறக்க வுடுறது. இதுக்கு வூடு தெரியுமா வாசல் தெரியுமா? எட்துகினு நட."

"என் லைசென்ஸ் பூட்ச்சின்னா எங்கம்மா தாங்காதுக்கா, செத்துடும்."

"அதுக்கும் நீயே சான்றிதழ் எழுதிக்கோ" என்றேன்.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கே நெஞ்சில் உறுத்தியது. என் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழித்து சாவியோ போன் பண்ணினான். "அக்கா, நாளன்னிக்கு கவுன்சில்ல விசாரண. வந்துடுவீங்கல்ல?" கொலைகாரனே வந்து தூக்குத் தேதியை நினைவுபடுத்துவது போல இருந்தது.

"எனுக்கு லெட்டரே வர்லியே?"

"எனக்கு வந்த காப்பில உங்க அட்ரஸ் போட்டுக்கீதுக்கா. ஜி பிளாக், நாப்பத்திரெண்டு."

தலையில் அடித்துக்கொண்டேன். இடித்துக்கொண்டிருக்கிற கட்டடத்துக்கு என் கடிதம் போயிருக்கிறது. மறுநாள் அரை நாள் லீவு போட்டு, மூணு மணி வெயிலில் ராயபுரம் போய், எங்கள் பழைய தபால்காரர் அப்பாவுவை டீக்கடையில் பிடித்தேன்.

"கவுன்சில் லெட்டரா? அத உன் வூட்டுக்காரர் கைலயே குடுத்துட்டனேம்மா."

"அவரு எம்.கே.பி. நகர்ல கீறாரு, நீ எங்கய்யா குடுத்த?"

"இங்கதான். தெனமும் ஜி பிளாக் மேலதான குந்திகினு கீறாரு? இப்பகூடப் போனாரே."

விசாரணைக் கடிதத்தை வாங்கி ஒளித்திருக்கிறார்! டாக்டரோடு கூட்டு! நான் போன வேகத்துக்குக் காலை உடைப்பதோடு விட்டிருக்க மாட்டேன். ஆனால் ஜி பிளாக் முன்னால் போய் நின்றதும் என் கால்தான் நகரவில்லை.

முன்பக்கச் சுவரை முழுசாக எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று மாடியும் கதவில்லாத அலமாரி மாதிரித் திறந்து கிடந்தன. மேலே பச்சைச் சுவர் தெரிந்தது. என் சமையலறை. மிக்ஸி வைத்த மேடை, காலண்டர் ஆணி, இருபத்துமூன்று வருஷம் நான் தாளித்த எண்ணெய்க் கறை, எல்லாம் அப்படியே. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணாந்து என் எண்ணெய்க் கறையைப் பார்க்கலாம். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. நடு ரோட்டில், தபால்காரர் பார்க்க, ஓவென்று அழுதேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் படியேறினேன். படிக்கட்டு இன்னும் இருந்தது. சமையலறைத் தரையில் என் புருஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கவுன்சில் கடிதத்தை விரித்து அதன் மேல் கம்பு கொட்டியிருந்தார். மிக்ஸி மேடை மேல் பூவம்மா உட்கார்ந்து, கம்பை ஒரு பார்வை பார்த்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது.

"யோவ்!"

எழுந்து நின்றுவிட்டார். "கால ஒடச்சிடாத குழலி."

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"நாலாவது நாள்லருந்து. மொதல்ல செத்துட்ச்சின்னே நம்பிட்டேன். நீ கிளி கதயச் சொன்னப்புறம்தான் தோணிச்சி, பறந்திருந்தா வூட்டுக்குத்தான் பூடும்னு."

"வூடு அங்க கீது!"

"அது நம்ம வூடு. அதோட வூடு இது. குஞ்சுல மொதல்ல எங்கருந்து பறக்குதோ அதான் கடசி வரைக்கும். பெருசானப்புறம் மாத்த முடியாது குழலி. புது எடத்துல குஞ்சு பொரிச்சா அந்தக் குஞ்சு வேணா அங்க நிக்கும். சொன்னனே, வெளிய வுட்டா பூடும்னு."

"எங்க பூடும்னு சொன்னியா?"

"நீ கேட்டியா?"

இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அந்த மனுஷன் என்னை மடக்கியது அந்த ஒரு தடவைதான். நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னா?"

"ரெண்டு தபா பைல போட்டுகினு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். மனசு வர்ல. அங்க எட்டு மாசமா சொவத்தப் பாத்துகினு குந்தினு இருந்துது. இங்க பாரு, எப்புடிக் கீது. சொல்லலாம்னு வந்தா நீ நாப்பத்தோரு கையெழுத்து வாங்கிகினு நிக்கிற." குனிந்து, சிதறிய கம்பைக் கடிதத்தின் மேல் கூட்டி வைத்தார். "திங்கக்கெழம மிச்சத்தயும் எட்துர்றாங்களாம். அப்பறம் இது வந்து எங்க குந்தும்?"

 கண்டெய்னர் கட்டுகிற கை, முகத்தை மூடிக்கொண்டது.

நான்தான் பூவம்மாவைப் பிடித்தேன். ஓடவில்லை. கையில் நறுக்கென்று ஒரு கொத்து கொத்தியது. மாமியாரேதான். கண் வீக்கம் சுத்தமாக வடிந்திருந்தது. அந்தப் பையன் போட்ட மருந்து வேலை செய்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருந்தது.

விசாரணைக்கு அதே தெர்மாகோல் பெட்டியோடு போனேன். வாசலில் சாவியோவின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று அதிகாரிகள், அசோகன், ஒரு சுற்று இளைத்துப்போன சாவியோ. நடுவில் இருந்த பெண் அதிகாரி சான்றிதழை எடுத்து உரக்கப் படித்தார். நான் பெட்டியை மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தேன்.

"செத்துப்போன பூவம்மா இவதாங்க."

பூவம்மா தலையை நீட்டி மூன்று அதிகாரிகளையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தது. அசோகன் பைலால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. சாவியோ பொசுக்கென்று அழுதுவிட்டான். "எங்கக்கா கெடச்சுது? தெனமும் ஜன்னல்ல அரிசி போட்டு வெச்சேன்க்கா."

"புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

"திருடுனான்னு எழுதுனத வாங்கிக்கிறேன். என் தப்பு, இந்தப் புள்ளகிட்ட மன்னிப்பும் கேட்டுக்கிறேன். பொய் சான்றிதழ் குடுத்தான்னு எழுதுனத வாங்க மாட்டேன். என்னப் பாத்து பயந்தவனெல்லாம் சான்றிதழ் எழுத ஆரமிச்சா ஊர்ல ஒருத்தர் உசுரோட இருக்க முடியாது மேடம்."

எழுத்துமூலமாக ஓர் எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார்கள். சாவியோ அதைப் பரிசு வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினான். வெளியே வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தான்.

"அந்த வெள்ளப் புறா ஆணா, பொண்ணா?"

"ஆண்தான்க்கா."

"சாயந்தரம் எட்துகினு வா. உங்கம்மாவயும் இட்டுகினு வா, சாப்ட்டுட்டுப் போலாம்."

என் புருஷனுக்கு ஏற்பாடு பிடிக்கவில்லை. ஓங்கோல் பார்த்த புறாவுக்கு மண்டபத்துப் புறாவா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "உன்ன எனுக்குக் கட்டி வெச்சப்போ எங்க வூட்ல பேசுனதும் இதேதான்" என்றேன். ஒரே கூண்டில் விட்டோம். மாப்பிள்ளையை முதல் வாரம் பூவம்மா கொத்தித் துரத்தியது. இரண்டாவது வாரம் அவன் சுள்ளி பொறுக்கிக் கொடுக்க, இவள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஜி பிளாக் அந்தத் திங்கட்கிழமையே போய்விட்டது. நாங்கள் பார்க்கப் போகவில்லை.

இரண்டு முட்டை வைத்தது. ஒன்றுதான் பொரிந்தது. சாம்பலும் வெள்ளையுமாக, யார் ஜாடை என்று சொல்ல முடியாத ஒரு குஞ்சு. இறக்கை முளைத்து, மாடியில் குதித்துக் குதித்துப் பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல்முறையாக மேலே எழும்பியது. சாவியோவும் வந்திருந்தான். மூன்று பேரும் கழுத்து வலிக்க நின்றோம். தண்ணீர்த் தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு நேராகக் கிழக்கே, கடல் பக்கம், ராயபுரம் இருக்கிற திசையில் போய் மறைந்துவிட்டது.

என் புருஷன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு வாய் சும்மா இருக்குமா? மண்டபத்துப் புறாவின் வம்சத்தையே இழுத்துவைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி ஆனதும் திட்டவும் முடியவில்லை.  இன்றைக்கு இது வராவிட்டால் நானும் இந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று ஏனோ தோன்றியது.

"அக்கா!" என்று சாவியோ கத்தினான்.

எதிர்வீட்டு மாடியைத் தாண்டித் தாழப் பறந்து வந்து, சறுக்கி, எங்கள் கூண்டின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தது. பூவம்மா உள்ளேயிருந்து கழுத்தைத் தூக்கி அதை ஒரு பார்வை பார்த்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது. என் புருஷன் அழுதார். நான் அதட்டினேன். அப்புறம் நானும் அழுதேன்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் இ-சேவை மையத்தில் ஆதார் அட்டையை நீட்டி, விலாசம் மாற்றவேண்டும் என்றேன்.

"புது விலாசம் சொல்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு வருஷமாகக் குடியிருக்கிற வீட்டின் கதவு எண் எனக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை நின்றது. போனை எடுத்து வீட்டுக்குப் போட்டேன்.

"யோவ், நம்ம வூட்டு நம்பர் இன்னாய்யா?"

 "எனுக்கும் தெர்லியே" என்றார். "லைன்லயே இரு. கீழ போய் வாசல்ல பாத்துட்டு வந்து சொல்றேன்."